முகாமில் தோற்காதவர்

ரசிகர்களில் பல ரகம் உண்டு. அணி ஜெயித்தால் மட்டும் டிவி முன்னால் வந்து உட்காருகிறவர் ஒரு ரகம். தோற்றால் மட்டும் வந்து நின்று ‘அப்பவே சொன்னேன்’ என்கிறவர் இன்னொரு ரகம். இவர்களையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். இவர்களில் ஒருவருக்கு நீங்களே தினமும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம். இன்று சொல்லவந்தது அவர்களைப் பற்றி அல்ல. லீக் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கையில், டிக்கெட்கூட அச்சாகாத வேளையில், தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்று எங்கோ படுதா கட்டி மூடிய மைதானத்தில் குனிந்து நிமிர்ந்து உடம்பைப் பழக்கிக்கொண்டிருக்க, அந்தக் குனிதலிலும் நிமிர்தலிலும் வரப்போகிற சீசனின் தலையெழுத்தைப் படித்துவிடுகிற ஓர் அபூர்வ இனம் இருக்கிறது. முகாம் பண்டிதர் என்று பெயர்.

சீசன் முழுக்க ஆட்டம் இருக்க, இவர் ஏன் முகாமைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆட்டம் என்றால் தொண்ணூறு நிமிடத்தில் முடிவு வந்துவிடும். முடிவு வந்தால் யார் சொன்னது சரி, யார் சொன்னது உளறல் என்று ஊருக்கே தெரிந்துவிடும். முகாமில் அந்தத் தொல்லை இல்லை. முகாமில் கோல் கணக்கு இல்லை, புள்ளிப் பட்டியல் இல்லை, ஆகவே தோல்வியும் இல்லை. சொன்னது நடக்கவில்லை என்று எவன் வந்து சட்டையைப் பிடிப்பான்? ஆகவேதான் சீசன் தொடங்கியதும் இந்த இனம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. முகாம் மாதம் வந்தால் மறுபடியும் தலை நிமிர்கிறது.

முஜிபுர் ரஹ்மானைப் பாருங்கள். பூர்வீகம் கோட்டக்குப்பம். ஷார்ஜாவில் எட்டு வருஷம் குழாய் வேலை பார்த்துவிட்டு வந்து, திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் குழாய், வாஷ்பேசின், டைல்ஸ் கடை போட்டிருப்பவர். நல்ல மனிதர், அளவு தப்பாமல் பைப் வெட்டுவார், கடன் கேட்டு வந்தவரிடம்கூட முகம் சுளிக்க மாட்டார். ஆனால் தன் அபிமானக் கால்பந்து அணியான நெய்தல் எஃப்சி முகாம் போட்டுவிட்டது என்று தெரிந்துவிட்டால், கடை மேஜையில் இருக்கிற குழாய்களுக்கு அன்று முதல் விற்பனை கிடையாது. அவை அணிவகுத்து நிற்கும். பின்னால் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று. கோல் கீப்பராக ஒரு ஷவர்.

“பாய், அந்தக் குழா எவ்ளோ?” என்று கேட்டார் ஒரு நாள், மொட்டைமாடித் தொட்டிக்குக் குழாய் வாங்க வந்த வீரம்மாள்.

“அது லெஃப்ட் பேக்குமா. அத எடுக்காதீங்க. அந்தக் கோடியில இருக்கறத எடுத்துக்குங்க.”

“அது குட்டையா கீதே.”

“குட்டதான். ஆனா வேகம்.”

வீரம்மாள் வேகமான குழாயை வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் நன்றாகவே வருகிறதாம். ஆனால் ரைட் பேக் இடத்தில் விழுந்த ஓட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் முஜிபுர் பாய் மத்தியானச் சாப்பாட்டையே தள்ளிப்போட்டார்.

இந்த இனம் தனியாக வாழாது. ‘நெய்தல் படை, விழுப்புரம் - திண்டிவனம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதைத் தொடங்கியவர் எப்போதோ கல்யாணமாகி வெளியேறிவிட, அட்மின் பதவி முஜிபுர் பாயிடம் வந்து சேர்ந்தது. முகாமோ மரக்காணம் பக்கம் கடலோரத்தில் நடக்கிறது. உள்ளே ஈயும் போக முடியாது. கிளப்காரர்கள் பார்த்து, போனால் போகிறதென்று தினமும் ஒரு துண்டு வீடியோ போடுவார்கள். ஆரஞ்சு நிறக் கையில்லாப் பனியன் போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் ஓடுவார்கள், யாரோ சிரிப்பார்கள், யாரோ தண்ணீர் குடிப்பார்கள், வீடியோ முடிந்துவிடும். முகம் சரியாகத் தெரிவதற்குள் முடிந்துவிடும். அதுபோதும். அந்தத் தண்ணீர் பாட்டிலை யார் முதலில் வாங்கினான், யாரிடம் கொடுத்தான், யாரிடம் கொடுக்கவில்லை, கொடுக்காதவனுக்கும் கோச்சுக்கும் என்ன மனஸ்தாபம், அந்த மனஸ்தாபம் நவம்பர் மாதத்தில் எத்தனை புள்ளியைக் காவு வாங்கும் என்று ராத்திரி சாப்பாட்டுக்குள் பேசி முடித்திருப்பார்கள்.

மருத்துவ ஆலோசனையும் உண்டு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஆர்த்தி, என்னவோ பாவம், குழுவில் ஓர் உறுப்பினர்.

“ஆர்த்தி, இந்த போட்டோவுல ஒருத்தன் தொடய புடிச்சிக்கினு நிக்கிறான் பாரு. ஹாம்ஸ்ட்ரிங்கா?”

“பாய், நான் லேப்ல இருக்கறேன். ரத்தம் அனுப்புனா பாத்துச் சொல்றேன்.”

“ரத்தம் இல்லாமயே, சும்மா ஒரு அபிப்ராயம்?”

“அரிப்பா இருக்கும் பாய்.”

அன்று சாயங்காலம் குழுவில் முஜிபுர் பாயின் குரல் பதிவு வந்தது. தொடைத்தசைக் காயத்தை முண்டியம்பாக்கம் மருத்துவ வட்டாரங்கள் மறுக்கவில்லை என்று அதில் சொன்னார். ஆர்த்தி அதற்குப் பிறகு மூன்று நாள் போனை எடுக்கவில்லை.

பண்டிதர் இருந்தால் எதிர்ப் பண்டிதர் இருக்க வேண்டும் அல்லவா? அவர் ஜெகதீசன். ஒலக்கூர் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். முஜிபுர் பாய் கிழக்கு என்றால் இவர் மேற்கு. பாய் ஒரு வீரனைக் கழுதை என்றால் ஜெகதீசன் அவனைக் குதிரை என்பார். பாய் மனம் மாறிக் குதிரை என்றால், ஜெகதீசன் உடனே அதன் வாலைத் தூக்கிப் பார்ப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரு நாள் இருந்ததில்லை. இந்த வருஷம் சண்டைக்கு வாகாக வந்து சேர்ந்தான் சுபின். கேரளத்துப் பையன், புதிதாக வாங்கிய சென்டர் ஃபார்வர்ட், ஒன்பதாம் நம்பர். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இன்னும் விசா வரவில்லை என்பதால் முகாமின் முழு பாரமும் அவன் தலையில்.

“ஆளு கனம், ஜெகா. வீடியோவுல திரும்பறதப் பாத்தியா? லாரி ரிவர்ஸ் எடுக்கறா மாதிரி திரும்புறான். தீபாவளிக்குள்ள பெஞ்சுல உக்காந்துடுவான்.”

“தங்கம் பாய் அவன். மண்ணுல கெடந்தா உனுக்குத் தெரியல.”

“நான் சொல்லல. அவன் காலு சொல்லுது.”

“காலு என்கிட்ட வேற மாதிரி சொல்லுதே.”

வாய் வாயை வளர்க்க, ஒரு வாரம் குழு முழுக்கக் கனக்கட்சி, தங்கக்கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. கடைசியில் ஜெகதீசன் ஒரு நாள் எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார்: “சுபின் தங்கம்னு ஆச்சுன்னா அட்மின் பதவிய என்கிட்ட குடுத்துடணும். ஒத்துக்கறியா?” எல்லோரும் பார்க்கையில் பாய் பின்வாங்க முடியுமா? சரி என்று எழுதிவிட்டார்.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு அட்மின் என்பது போன் திரையில் பச்சையாய் இருக்கிற ஒரு சின்ன வார்த்தை. அவருக்கு அப்படி இல்லை. ஷார்ஜாவில் ஒரே அறையில் எட்டுப் பேர்; ஒருவனுக்கு மலையாளம், ஒருவனுக்கு வங்காளம், ஒருவனுக்கு உருது; பேச ஒன்றுமில்லாத அந்த அறையில் பந்து ஒன்றுதான் எல்லோருக்கும் பொதுவான பேச்சு, அதில் முஜிபுர் சொன்னால் எட்டுப் பேரும் கேட்டார்கள். ஊருக்கு வந்து கடை வைத்தபிறகு அவர் வாயிலிருந்து குழாய் விலையைத் தவிர வேறெதையும் கேட்க ஆளில்லை. அட்மின் ஆனபிறகுதான் மறுபடியும் கேட்டார்கள். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி அது. போய்விட்டால் அவர் உடைந்துபோவார், அவ்வளவுதான் விஷயம்.

சோதனைக்காலம் சும்மா வராது. முகாமின் கடைசி நாள் நெய்தல் அணி விழுப்புரம் மைதானத்தில் ஒரு கல்லூரி அணியோடு பயிற்சி ஆட்டம் ஆடும், அனுமதி இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். முகாமுக்கு முடிவு வரப்போகிறது. பண்டிதர் வரலாற்றிலேயே இப்படியொரு அநியாயம் நடந்ததில்லை. போதாதற்கு மனைவி ஷமீம் வேறு புடவை மாற்றிக்கொண்டு நின்றார்.

“நானும் வர்றேங்க. தெனமும் ராத்திரி தூக்கத்துல லெஃப்ட் பேக்கு, லெஃப்ட் பேக்குன்னு சொல்றீங்க. அது யாருன்னு நான் பாக்கணும்.”

ஜெகதீசனின் காரில் மூவரும் கிளம்பினார்கள். நேரத்துக்குத்தான் கிளம்பினார்கள். ஆனால் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் நடுக்கள ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு முற்றி, ஓட்டிக்கொண்டே கையை விரித்துப் பேசினால் லாரியில் போய் மோதுவோம் என்று ஷமீம் சொல்ல, இருவரும் டீக்கடையில் நிறுத்தி, இறங்கி, இரண்டு கைகளையும் விரித்துப் பேசித் தீர்த்துக்கொண்டு வந்ததில், மைதானத்துக்குள் நுழையும்போது ஆட்டம் ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது. அணிகளை அறிமுகம் செய்ததை இவர்கள் பார்க்கவில்லை.

இப்போது கவனியுங்கள். மைதானத்தில் ஒரு பக்கம் கடல்பச்சைச் சட்டை. மறுபக்கம் கையில்லாத ஆரஞ்சுப் பனியன். கடல்பச்சை நெய்தலின் நிறம். முஜிபுர் பாய்க்குச் சந்தேகம் வருமா? ஜெகதீசனுக்குத்தான் வருமா? உங்களுக்கு மட்டும் காதோடு சொல்லிவிடுகிறேன்: நெய்தல்காரர்கள் வழக்கம்போலப் பயிற்சிப் பனியனோடு வந்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஆசையாசையாய், அபிமான அணியோடு ஆடுகிறோமே என்று திருப்பூரில் சொல்லித் தைத்த நெய்தல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மாதமாக ஒவ்வொரு வீடியோவிலும் ஆரஞ்சுப் பனியனையே பார்த்துப் பார்த்து ஆராய்ச்சி செய்த இரண்டு மேதைகளும் நேராகப் போய்ப் பச்சைச் சட்டைப் பக்கம் வேலியோரம் உட்கார்ந்தார்கள்.

பச்சைச் சட்டை ஒன்பதாம் நம்பர் பந்தை வாங்கினான். வாங்கிய வேகத்தில் அதன்மேல் தானே ஏறி விழுந்தான்.

“பாத்தியா ஜெகா? இன்னா சொன்னேன்? லாரி.”

“அவசரப்படாத பாய். அவன் வேணும்னே வுழறான். ரெண்டு டிஃபெண்டர தன்கிட்ட இழுக்கறான் பாரு.”

“யாரையும் இழுக்கல. அவங்க சிரிச்சிக்கினு நிக்கிறாங்க.”

ஆரஞ்சுப் பக்கம் ஒரு கோல் போட்டது. பிறகு இன்னொன்று. சுருள்முடிக்காரன் ஒருவன் பூனைபோல் பின்னால் வந்து மூன்றாவதையும் தட்டிவிட்டான். பாய்க்கு முகம் தொங்கிவிட்டது. முதலாளிகள் கோடி கோடியாய்க் கொட்டி, ஒரு மாதம் கடற்காற்றில் வைத்து வளர்த்த அணியை, மெஸ் சாப்பாடு சாப்பிடுகிற கல்லூரிப் பிள்ளைகள் துவைத்துப் பிழிகிறார்களே. பண்டிதர்கள் பேசாமல் இருந்தால் உடம்புக்கு ஆகாது. ஆகவே ஜெகதீசன்தான் முதலில் கண்டுபிடித்தார்.

“பாய், கோச்சு மறைக்கிறான்.”

“அதேதான் ஜெகா நானும் நெனச்சிக்கினு இருந்தேன். வேவு பாக்க எல்லா டீம்காரனும் ஆள் அனுப்பி இருப்பான். அதான் தோத்துக் காட்டறான்.”

“மூளக்காரன்.”

“ஆனா நம்பர் நைனு மறைக்கல ஜெகா. அவனுக்கு வர்றதே அவ்ளோதான்.”

நான்காவது கோல் விழுந்தபோது, அதையும் அந்தச் சுருள்முடிக்காரனே போட்டபோது, பச்சை ஒன்பதாம் நம்பர் நடுமைதானத்தில் ஷூ கழன்று அதைத் தேடிக்கொண்டிருந்தான். ஜெகதீசன் அந்தக் காட்சியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“நீ சொன்னதுதான் பாய். கனம். நான் ஒத்துக்கறேன். அட்மின் உன்கிட்டயே இருக்கட்டும்.”

முஜிபுர் பாய்க்கு மகிழ்ச்சி தலைக்கேறியது. ஜெகதீசன் மல்லாட்டை வாங்கப் போனதும் போனை எடுத்தார். குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார்: “படை மக்களே, மைதானத்துலருந்து பேசறேன். நம்பர் நைன் முடிஞ்சான். ஜெகதீசனே ஒத்துக்கினாரு. கண்ணால பாத்தாச்சு. இனிமே பேச்சு கெடையாது.” அனுப்பிவிட்டு ஷமீமைப் பார்த்து மீசையைத் தடவினார். ஷமீம் எதுவும் புரியாமல் சிரித்துவைத்தார்.

இடைவேளை விட்டார்கள். பச்சை ஒன்பதாம் நம்பர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக வேலியோரம் வந்தான். பாயைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்க முஜிபுர் பாய்தானே? நான் சித்தார்த்தன். நம்ம குரூப்புல இருக்கேன் பாய். பி.காம் தேர்ட் இயர்.”

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் சட்டையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

“என்னா அடி அடிக்கறாங்க பாத்தீங்களா நம்ம ஆளுங்க? நாலு ஆயிடுச்சு. சுபின் மட்டும் மூணு. அந்த சுருள்முடி, பூன மாதிரி வரான் பாய், கிட்ட வர்றதே தெரியல. உதை வாங்கறதுக்கே சந்தோஷமா இருக்கு. ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?”

ஷமீமின் போனில் செல்ஃபி எடுத்தார்கள். அந்தப் படத்தில் சித்தார்த்தன் சிரிக்கிறான்; பக்கத்தில் பாய் நிற்கிறார், ஈயாடாத முகத்தோடு. அவன் போனதும் அவர் அவசர அவசரமாகக் குரல் பதிவை எல்லோருக்கும் சேர்த்து அழித்தார். அழித்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்து உட்கார்ந்தது. திருட்டை ஒளித்த இடத்தில் காவலுக்கு ஆள் நிறுத்தியதுபோல ஆயிற்று. அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் பொய் சொன்னதாக அவர் நினைத்ததில்லை. இப்போது ஜெகதீசனிடம் ஜெயித்தது மட்டும் பொய் என்று நன்றாகத் தெரிந்தது. ஷமீம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜெகதீசன் மல்லாட்டைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது பாய் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

“ஜெகா, இந்த நம்பர் நைனு விஷயம்...”

“பிராக்டிஸ் மேட்ச்ச வச்சி எதையும் முடிவு பண்ணக் கூடாது பாய்,” என்றார் ஜெகதீசன் மிக வேகமாக. அவர் பாயைப் பார்க்கவில்லை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஒத்துக்கினதும் கணக்குல வராது. நீ ஜெயிச்சதும் வராது. சரியா?”

மல்லாட்டை விற்றவர் எந்தச் சட்டை எந்த அணி என்று ஜெகதீசனிடம் சொல்லிவிட்டார் என்பது பாய்க்குப் புரிந்துவிட்டது. தங்கம், தங்கம் என்று ஒரு மாதம் கத்தியவர் அந்தத் தங்கம் கண்ணெதிரே மூன்று கோல் போட்டும் அடையாளம் தெரியாமல், ஷூ தேடினவனைப் பார்த்துச் சரணடைந்தவர். அவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஜெயித்தேன் என்று சொல்வார்? இருவரும் இரண்டாம் பாதி முழுக்க மல்லாட்டை உரித்தார்கள். சுபின் இன்னும் இரண்டு போட்டான். இருவரும் கைதட்டவில்லை.

திரும்பும்போது பாயின் போன் ஓயவில்லை. என்ன பாய் டெலிட் பண்ணீங்க? ஏன் டெலிட் பண்ணீங்க? இருபது பேர் கேட்டுவிட்டார்கள். ஆர்த்தி மட்டும் அழிப்பதற்குள் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டிருந்தார். “நம்பர் நைன் முடிஞ்சான்னு சொன்னீங்களே பாய், அஞ்சு கோல் போட்டானாமே? மருத்துவ வட்டாரம் இதையும் மறுக்கல.” விக்கிரவாண்டி வருவதற்குள் பாயின் சட்டை நனைந்துவிட்டது.

“என்னங்க இவ்ளோ பேஜாரு?” என்றார் பின்சீட்டிலிருந்து ஷமீம். “என்னையும் அந்த குரூப்புல சேருங்க. நான் பாத்துக்கறேன்.”

சேர்த்தார்.

“அட்மினாக்குங்க.”

“ஷமீம், அது வந்து...”

“அப்ப அந்த பச்சச் சட்டப் பையனோட எடுத்த போட்டோவ நானே போட்டுடட்டுமா?”

ஆக்கினார். டோல்கேட்டில் வரிசை நகர்வதற்குள் ஷமீம் இரண்டு காரியம் செய்தார். இனி அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவைப் பூட்டினார். பிறகு கணவரை அட்மின் பதவியிலிருந்து இறக்கினார். அவ்வளவுதான். ஒரு மாதமாக இரவும் பகலும் கத்திக்கொண்டிருந்த நெய்தல் படை சட்டென்று ஊமையாயிற்று. ஆர்த்தியின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய ஆளுமில்லை, மறுகேள்வி கேட்க வழியுமில்லை. பாய் பதவியை இழந்தார், மானம் பிழைத்தது. எது பெரிது என்று அவருக்கே தெரியவில்லை. ஜெகதீசன் அடக்க முடியாமல் சிரித்துவிட, பாயும் சிரிக்க, பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத்தான் கார் நகர்ந்தது.

“ஊட்டுக்குப் போறவரைக்கும் நிம்மதியா வாங்க ரெண்டு பேரும்,” என்றார் ஷமீம்.

நிம்மதியாகத்தான் வந்தார்கள். திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போது கிளப்காரர்கள் அன்றைய ஆட்டத்தின் துண்டு வீடியோவைப் போட்டார்கள். பின்சீட்டில் ஷமீம் அதை ஒரு தரம் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சத்தமே இல்லாமல் தட்டத் தொடங்கினார். முன்சீட்டில் இரண்டு போனும் ஒன்றாக ஒலித்தன.

‘கோல் கீப்பர் நடையே சரியில்ல. வீட்ல ஏதோ பிரச்சன இருக்கு. டிசம்பர்ல பாருங்க.’

பாயும் ஜெகதீசனும் பதில் எழுதத் துடித்தார்கள். குழு பூட்டியிருந்தது.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று நீங்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறீர்கள். விடுங்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வி. சுபின் தங்கமா, கனமா? பார்த்தீர்களா, சட்டென்று பதில் வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகளிடம் போட்ட கோலெல்லாம் ஒரு கோலா, லீக்கில் பார்க்கலாம் என்றும் கொஞ்சம் பேர் முனகுகிறீர்கள். அந்தப் பையனை நீங்கள் பார்த்ததுகூட இல்லை. பரவாயில்லை, குழுவில் இடம் இருக்கிறது. ஷமீமைத்தான் கேட்க வேண்டும்.